தட்டிக்கு அந்தப் பக்கத்துச் சத்தம்

என் சின்னம்மா மாசாணியம்மாளின் வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும் என்று தலைமை ஆசிரியர் திருமலைசாமி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அது மிகை இல்லை. எங்கள் பள்ளி கோவை கணபதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவில் இருக்கிறது. காலையிலிருந்து இரும்பு கடையும் சத்தம் தெருவெல்லாம் கிடக்கும். அதைத் தாண்டி சின்னம்மாவின் வகுப்புக்குள் நுழைந்தால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். நானும் அவரிடம் படித்தவன்தான். வாயைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க எப்படி உட்கார்ந்திருப்பது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

அவர் கோபக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அடிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் பெரியவர்கள் பேசும்போது சின்னவர்கள் பேசக் கூடாது என்பது அவருக்குச் சோறு தண்ணீர் மாதிரி. அது அவர் வளர்ந்த விதம்.

அவருடைய அப்பா, என் தாத்தா நஞ்சப்பன், அன்னூர்ப் பக்கம் ஒரு கவுண்டர் தோட்டத்தில் வேலை செய்தவர். ஒரு முறை அந்தக் கவுண்டர் வெங்காயப் பாத்திக்கு மறுபடியும் தண்ணீர் விடச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாளாக மழை பெய்து பாத்தி ஏற்கெனவே சொதசொதவென்று இருந்தது. தாத்தாவுக்கு அது தெரியும். ஆனாலும் "சரிங்க" என்று சொல்லி மடையைத் திறந்துவிட்டார். வெங்காயம் அழுகியது. ஏன் விட்டாய் என்று கவுண்டர் கேட்டதற்கும் தலையைக் குனிந்து "சரிங்க" என்றாராம். சின்னம்மா இதைப் பெருமையாகத்தான் சொல்வார். "எங்கப்பன் ஒருத்தர்கிட்டவும் எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்ல." அப்படிப்பட்ட வீட்டிலிருந்து முதலில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர் அவர். பள்ளி நிர்வாகம் கொடுத்த தற்காலிக வேலைதான் என்றாலும், பல ஆண்டுகளாக அந்த வகுப்பு அவருடையது. யாரும் அதில் கை வைத்ததில்லை.

போன ஜூன் மாதம் கை வைத்தார்கள். நான்காம் வகுப்பில் சின்னம்மாவிடம் இருந்த பிள்ளைகள் அவரோடே ஐந்துக்கு வந்தபோது, கூட்டம் அதிகம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். ஒரே கூடம்தான். நடுவில் ஒட்டுப்பலகைத் தட்டி ஒன்றை வைத்து இந்தப் பக்கம் 'ஏ' பிரிவு, அந்தப் பக்கம் 'பி' பிரிவு என்றார்கள். தட்டி கூரை வரைக்கும் எட்டாது. அந்தப் பக்கத்துக்கு வந்தவர் நித்யஸ்ரீ. தாராபுரத்துக்காரர். தோட்டமும் அரிசி ஆலையும் உள்ள குடும்பம். கோவையில் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வேலைக்கு வந்தார். சின்னம்மாவைவிடப் பத்து வயது இளையவர்.

நித்யஸ்ரீ செய்த முதல் வேலை, பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளியதுதான். பிள்ளைகள் நடந்தார்கள், நின்றார்கள், வாதாடினார்கள். பக்கத்தில் இருப்பவனுக்கு முதலில் சொல்லிக் கொடு, பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இன்னொரு இரண்டு பேருக்குச் சொல்லுங்கள் என்பார். நாள் முழுக்க ஒரே இரைச்சல். அது தட்டிக்கு மேலே ஏறிச் சின்னம்மாவின் வகுப்பில் வந்து விழுந்தது.

ஆசிரியர் அறையில் தமிழாசிரியை சாந்தாமணி இதைச் சும்மா விடவில்லை.

"ஏனுங்க மாசாணி, உங்க பக்கத்துல தெனமும் கோயில் நோம்பியாட்டம் இருக்குதுங்க. ராட்டினம் ஒண்ணுதான் கொறைச்சல்."

"அவங்க கிளாஸு, அவங்க பாடுங்க" என்றார் சின்னம்மா.

"அதுக்கில்லீங்க. நேத்து எட்டிப் பாத்தேன். உங்ககிட்ட வாயே தொறக்காத பசங்கெல்லாம் அங்க என்னமா பேசுதுங்க! ஊமைக்குப் பேச்சு வந்தாப்பலீங்க."

சாந்தாமணி வேண்டுமென்றே சொன்னாரா என்று தெரியாது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சின்னம்மாவின் மகள் எழில் அதே ஐந்தாம் வகுப்பு. அம்மாவின் பிரிவில் மகள் இருக்கக் கூடாது என்று அவளை 'பி'யில் போட்டிருந்தார்கள். சாயங்காலம் சோற்றுத் தட்டைக் கையில் வாங்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். ஒரு நாள் நானும் அங்கே இருந்தேன்.

"அம்மா, எங்க மிஸ் இன்னிக்கு என்னைய அரைன்னு எழுதுன அட்டையோட நிக்க வெச்சாங்க. அஃபானுக்குக் கால் அட்டை. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல யாரு வரோணும்னு ஒரே சண்டை!"

"சோத்தத் தின்னு."

"மூணுல ஒண்ணுதாம்மா வரோணும். கடைசியில அஃபான்தான் கண்டுபுடிச்சான். எல்லாரும் கை தட்டுனோம்."

"ஒரு கணக்குக்கு இத்தன கூத்தா? போர்டுல எழுதிப் போட்டா ஒரு நிமிசம்."

"எழுதிப் போட்டா மறந்துருமாம்மா. எங்க மிஸ் சொன்னாங்க."

"எங்க மிஸ், எங்க மிஸ்! அப்ப நான் யாருடி?"

சித்தப்பா பம்பு பட்டறையில் வேலை செய்கிறவர். கை கழுவிக்கொண்டே சொன்னார்: "நீ தட்டிக்கு இந்தப் பக்கத்து மிஸ்ஸு."

எழில் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். சின்னம்மா சிரிக்கவில்லை. "இனிமே ஊட்டுக்குள்ள பள்ளிக்கூடத்துப் பேச்சே ஆகாது. சொல்லிப்போட்டேன்" என்றார். எழில் அம்மா சொல் கேட்கிற பெண். அன்றிலிருந்து அவள் வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

சின்னம்மாவுக்கு வந்ததை என்ன சொல்லி எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன். வருத்தம் என்று எழுதலாம், அக்கறை என்று எழுதலாம். அது எதுவும் இல்லை. பொறாமைதான். நித்யஸ்ரீ எந்தப் புடவை கட்டி வந்தாலும் சின்னம்மாவுக்குத் தெரிந்தது. யார் யார் அவருக்கு ரோஜாப் பூ கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்கும்போதெல்லாம் இந்தப் பக்கம் ஜன்னலைச் சாத்துவார். சத்தம் ஜன்னல் வழியாக வரவில்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

தீபாவளி முடிந்ததும் தலைமை ஆசிரியர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"அடுத்த வருசம் ஐந்தாவதுக்கு ஒரே பிரிவுதானுங்க ஆகும். இப்ப நாலாவதுல பசங்க கம்மி. உங்க ரெண்டு பேருல ஒருத்தரத்தான் வெச்சுக்க முடியும். பொங்கல் கழிச்சு நம்ம தாளாளர் ஐயா வந்து ரெண்டு கிளாசையும் பாப்பாருங்க. அவரு பாத்துச் சொல்லட்டும்."

"சரிங்க சார்" என்றார்கள் இருவரும்.

சின்னம்மா அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வந்தபோது எங்கள் வாசலில் நின்றுவிட்டார். வீட்டுக்குப் போகவே மனசில்லை என்றார். வேறு பள்ளியில் வேலை தேடினால் கிடைக்கலாம். ஆனால் இந்தப் பெண்ணிடம் தோற்றுப் போய்த் தேடுவதா? அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் தட்டியோரம் நிற்க ஆரம்பித்தார். பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு, கரும்பலகையைத் துடைக்கிற மாதிரி அந்த மூலைக்குப் போய்க் காதைக் கொடுப்பார். நித்யஸ்ரீ மெல்லப் பேசுகிறவர். அவர் குரல் கேட்காது. பிள்ளைகள் கத்துவது மட்டும்தான் கேட்கும். பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் அங்கே சாக்பீஸ் எழுதும் சத்தம். உடனே மொத்த வகுப்பும் "தப்பு! தப்பு!" என்று கூவியது. மறுபடியும் சாக்பீஸ். மறுபடியும் "தப்பு!" நடுவில் ஒரு குரல், கணீரென்று: "அரைத் தோசையோட இன்னுங் கொஞ்சம் சேத்தா எப்படிக் கொறையும்?" எல்லோரும் சிரித்தார்கள்.

அது யார் குரல் என்று சின்னம்மாவுக்குத் தெரியவில்லை. "அப்படிக் கேளு அஃபான்!" என்று வேறொரு பிள்ளை சொன்ன பிறகுதான் தெரிந்தது. "ஒரு வருசம் முழுக்க எங்கிட்ட இருந்தவன். அவன் குரல் இப்படி இருக்கும்னே எனக்குத் தெரியலடா" என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகம் பார்க்க நன்றாக இல்லை.

முதலில் அவருக்கு அதிர்ச்சி. ஆசிரியரைப் பார்த்துப் பிள்ளைகள் தப்பு என்பதா! பிறகு விஷயம் புரிந்துவிட்டதாக நினைத்தார். நித்யஸ்ரீ வேண்டுமென்றே தப்பாக எழுதுகிறார். பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்கள். அவ்வளவுதானே? இதை நம்மால் செய்ய முடியாதா?

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, கடைசிப் பாடவேளையில் செய்து பார்த்தார். பலகையில் பெரிதாக எழுதினார். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் அப்படியே கூட்டிய தப்பு. திரும்பி நின்று கேட்டார்.

"சரியா கண்ணுகளா?"

"சரிங்க மிஸ்!" என்றது வகுப்பு.

"நல்லாப் பாருங்க."

எல்லோரும் நல்லாப் பார்த்தார்கள். "சரிங்க மிஸ்!"

காலும் காலும் கூட்டினால் எட்டில் இரண்டு என்று எழுதினார். அதுவும் சரிங்க மிஸ். தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ எதற்கோ சிரித்தார்கள். இந்தப் பக்கம் எல்லோரும் குனிந்து, அழகான கையெழுத்தில், அடிக்கோடு போட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். முதல் பெஞ்சில் இருந்த தேஜா மட்டும் தலையைத் தூக்கினாள். அந்த வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரி. பலகையைப் பார்த்தாள். சின்னம்மாவைப் பார்த்தாள். சின்னம்மா காத்திருந்தார். தேஜா குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

மணி அடித்தது. அந்த நிமிடமே அழித்துவிட்டுச் சரியானதை எழுதியிருக்கலாம். ஆனால் அவருக்கு ஆத்திரம். யாராவது ஒருவராவது வீட்டில் யோசித்துவிட்டு வரட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை, வருகைப் பதிவு முடிவதற்குள் தாளாளர் வந்துவிட்டார். அடுத்த வாரம் வருவதாக இருந்தவர், கணபதிக்கு வேறு வேலையாக வந்ததால் இன்றே பார்த்துவிடலாம் என்று நுழைந்தாராம். இரண்டு பிரிவுக்கும் ஒரே கணக்கைச் சொன்னார். அரையும் மூன்றில் ஒன்றும். நேற்று எழுதிய அதே கணக்கு. பாடப் புத்தகத்தில் முதலில் வருவதே அதுதான்.

'பி' பிரிவில் பெரும்பாலோர் ஆறில் ஐந்து என்று எழுதினார்கள். 'ஏ' பிரிவில் ஒருவர் பாக்கி இல்லாமல் ஐந்தில் இரண்டு. தாளாளர் ஒவ்வொரு குறிப்பேடாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நேர்த்தியான எழுத்து, நேரான கோடு, எல்லாவற்றிலும் ஒரே தப்பு.

"யாரு கண்ணு இப்படிச் சொல்லிக் குடுத்தாங்க?"

"மிஸ்ஸுங்க ஐயா" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

தாளாளர் மரியாதை தெரிந்தவர். "பரவாயில்லீங்க. சின்னப் பசங்கதானுங்களே" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று சின்னம்மா பின்னால் சொன்னார்.

தாளாளர் போனதும் சின்னம்மா தேஜாவைக் கூப்பிட்டார்.

"நேத்தே உனக்குத் தப்புன்னு தெரிஞ்சுதா கண்ணு?"

"தெரிஞ்சுதுங்க மிஸ்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

தேஜாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "நீங்க எழுதிப் போட்டீங்களேங்க" என்றாள். தலையைக் குனிந்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்கப்பன் நிக்கிற மாதிரியே நின்னாடா" என்றார் சின்னம்மா என்னிடம்.

மதியம் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்துக் கொடுத்தார். அப்போதே சின்னம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயா நித்யஸ்ரீ மிஸ்ஸையே வெச்சுக்கலாம்னு நெனைக்கறாருங்க. நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்கக் கூடாதுங்க அம்மணி."

சரிங்க என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டதாம். வாய்க்கு வரவில்லையாம்.

"அது தப்புங்க சார்."

திருமலைசாமி டீயைக் கீழே வைத்தார். இத்தனை ஆண்டுகளில் சின்னம்மா அவரிடம் மறுத்துப் பேசிய முதல் வார்த்தை அது.

"அந்தக் கணக்க நான் வேணும்னுதான் தப்பா எழுதுனேனுங்க. பசங்க கண்டுபுடிப்பாங்கன்னு பாத்தேன். தெரிஞ்ச புள்ளகூடச் சொல்லல. நான் அப்படி வளத்துப்போட்டேனுங்க. நான் செஞ்சத நானே மாத்தோணும். ஏப்ரல் வரைக்கும் நேரம் இருக்குது. அதுக்குள்ள முடிவு சொல்றது தப்புங்க."

தலைமை ஆசிரியர் டீயை மறுபடியும் கையில் எடுத்தார். பிறகு, "ஐயாகிட்டக் கேட்டுப் பாக்கறனுங்க" என்றார். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் முடியாது என்றுதான் பொருள். ஆனால் அவர் உண்மையாகவே கேட்டார். தாளாளரும் ஏப்ரலில் இன்னொரு முறை வருவதாக ஒத்துக்கொண்டார்.

கேட்டு வாங்கியாகிவிட்டது. இனி எப்படிச் செய்வது? அதைத் தெரிந்தவர் ஒருவர்தான். நித்யஸ்ரீயிடம் போய்க் கேட்பது சின்னம்மாவுக்குத் தூக்குக் கயிறு மாதிரி இருந்தது. இரண்டு நாள் முழுங்கி முழுங்கிப் பார்த்துவிட்டு, பள்ளி விட்டதும் தட்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நித்யஸ்ரீ அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்களப் பாத்துத்தானுங்க செஞ்சேன். பாதிதான் கேட்டுச்சு."

நித்யஸ்ரீக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் சிரிக்கவில்லை.

"அக்கா, என்னையத் தப்புன்னு சொல்லச் சொன்னா எம் பசங்களும் சொல்ல மாட்டாங்க. மொத வாரமே செஞ்சு பாத்துட்டேன். எல்லாம் சரிங்க மிஸ்தான். அப்பறந்தான் மாரப்பனக் கூட்டியாந்தேன்."

"மாரப்பனா? யாருங்க அது?"

"தாராபுரத்துல நான் முன்னாடி இருந்த பள்ளிக்கூடத்துப் பையன். ரொம்ப அவசரக்காரன். அவன் போட்ட கணக்குன்னு சொல்லித்தான் போர்டுல எழுதுவேன். அப்படி ஒரு பையனே இல்லீங்க, சும்மா. ஆனா அவனத் திருத்தறதுன்னா எல்லாருக்கும் குஷி. அதுவும் ஒத்தையாச் சொல்லச் சொல்ல மாட்டேன். பக்கத்துல ஒரு வாட்டி பேசிக்கிட்டுச் சொல்லட்டும். ரெண்டு பேராச் சொன்னா பயமில்லீங்களே."

இவ்வளவுதானா! அது எளிது என்பதே சின்னம்மாவுக்கு இன்னும் எரிந்தது. கஷ்டமான வித்தையாக இருந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். அது மட்டுமல்ல, எழிலைக் கேட்டிருந்தால் தீபாவளிக்கு முன்பே மாரப்பனைப் பற்றி மூச்சு விடாமல் சொல்லியிருப்பாள்.

கிளம்பும்போது நித்யஸ்ரீ தயங்கித் தயங்கிக் கேட்டார். "நானும் ஒண்ணு கேக்கட்டுங்களா அக்கா? நான் தட்டியோரம் நின்னு கேட்டிருக்கேனுங்க. உங்க பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. எம் பசங்கள அஞ்சு நிமிசம் சும்மா உக்கார வெக்க முடியல. நீங்க எப்படிங்க செய்யறீங்க?"

சின்னம்மாவுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. "அது தானா வருமுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடவே சாப்பிட்டார்.

அதற்குப் பிறகான மாதங்களை விரிவாக எழுத வேண்டியதில்லை. மாரப்பன் 'ஏ' பிரிவுக்கும் வந்தான். முதல் நாள் பிள்ளைகள் அவனைக்கூட எதிர்த்துப் பேச யோசித்தார்கள். "அவரு பெரிய பையனுங்களா மிஸ்?" என்று ஒருவன் கேட்டானாம். "உன்னவிடச் சின்னவன்" என்றதும்தான் வாய் திறந்தது. கொஞ்ச நாளில் மாரப்பனுக்கு அறிவுரை சொல்லக் கூட்டமாகிவிட்டது. சின்னம்மா பெஞ்சைத் தள்ளவில்லை. எழுத்தையும் கோட்டையும் விடவில்லை. பேச ஒரு நேரம், எழுத ஒரு நேரம் என்று பிரித்துக்கொண்டார். சத்தம் அவருக்குத் தலைவலிதான். வீட்டுக்கு வந்ததும் தைலம் தேய்த்துக்கொள்வார். ஆனால் அந்தப் பக்கம் சத்தம் கூடினால், "நம்ம பக்கமும் கொஞ்சம் கேக்கட்டுமே" என்று கதவைத் திறந்துவைத்தார்.

ஏப்ரலில் தாளாளர் வந்தார். 'பி' பிரிவைப் பார்த்துவிட்டு 'ஏ'வுக்கு வந்தவர், இந்த முறை பிள்ளைகளிடம் கணக்குக் கேட்கவில்லை. தானே சாக்பீஸை எடுத்து எழுதினார். முக்காலில் அரையைக் கழித்தால் இரண்டில் இரண்டு. "சரிங்களா கண்ணுகளா?" என்றார்.

வெள்ளை வேட்டி, நரைத்த தலை, பள்ளிக்கே பெரியவர். வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சின்னம்மா ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று தலைமை ஆசிரியர் முன்பே சொல்லியிருந்தார்.

கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்தான். "பக்கத்துல பேசிக்கலாமுங்களா ஐயா?"

"பேசிக்கங்க."

குசுகுசுவென்று சத்தம் எழுந்தது. ஏறியது. பிறகு ஒவ்வொருவராக முதல் பெஞ்சைப் பார்த்தார்கள். தேஜா எழுந்து, பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஐயா, நம்ம மாரப்பனாட்டம் போட்டுப்போட்டீங்க."

தாளாளர் திகைத்தார். "அது யாரும்மா மாரப்பன்?"

"அவசரக்காரனுங்க. முக்கால்ல அரைய எடுத்தா எப்படிங்கய்யா முழுசு வரும்? கால்தானுங்க மிஞ்சும்."

தாளாளர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். தலைமை ஆசிரியரும் அதற்குப் பிறகு சிரித்தார்.

ஐந்தாம் வகுப்பு இனி சின்னம்மாவுக்கே என்று முடிவானது. நித்யஸ்ரீ பிரிவும் அன்றைக்கு நன்றாகத்தான் செய்தது. "அந்தப் பொண்ணு எங்க போனாலும் பொழச்சுக்குமுங்க" என்று தாளாளர் சொன்னாராம். அது நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை. மாரப்பன் நித்யஸ்ரீயின் பிள்ளை. சின்னம்மாவுக்கும் அது தெரியும். முடிவைச் சொன்னபோது நித்யஸ்ரீ "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாராம்.

கடைசி வேலை நாள் அன்று, கோடை விடுமுறைக்காகச் சின்னம்மாவின் சாமான்களை வீட்டுக்கு எடுத்துவரப் போயிருந்தேன். ஜன்னலருகே நின்றிருந்தார். கீழே ஸ்கூட்டரைச் சுற்றி 'பி' பிரிவு மொத்தமும் நின்று ஓவென்று அழுதுகொண்டிருந்தது. நித்யஸ்ரீயைக் கிளம்ப விடவில்லை. அஃபான் ஸ்கூட்டரின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினான். எழில் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

சின்னம்மா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நான் போயிருந்தா எம் பசங்க இப்படி அழுதிருக்குமா?"

"அழுதிருப்பாங்க சின்னம்மா."

"பொய் சொல்லாத."

"சத்தமில்லாம அழுதிருப்பாங்க."

முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. ஸ்கூட்டர் முனை திரும்பும் வரை அங்கேயே நின்றார்.

"அடுத்த வருசம் எம் பசங்க இதவிடச் சத்தமா அழுவோணும்" என்றார்.